எங்கள் வீட்டில் பிறந்த ஒரு சொல்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கணினியும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்துக் கடை நடத்துகிறேன். மனு அடித்துத் தருவேன், விண்ணப்பம் நிரப்பித் தருவேன். சில விண்ணப்பங்களில் ‘திறமைகள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த இடம் வந்ததும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தே மரவள்ளிக் காட்டில் எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லக்கூடிய ஆளாக இருப்பார். ஆனாலும், “நமக்கு இன்னாம்மா திறமை இருக்குது, ஒண்ணுமில்லன்னு போட்டுடு” என்பார். நானும் ‘விவசாயம்’ என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன்.

என் தங்கையின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது.

அவள் என் வீட்டுக்காரரின் மோட்டார் கடையில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறாள், பம்பு பிரித்து மாட்டுகிறாள். ஊராட்சிகளில் குடிநீர் மோட்டார் வேலை எடுக்க வேண்டுமானால் கையில் ஒரு சான்றிதழ் இருப்பது நல்லது என்று சொன்னார்கள். வேலை தெரிந்தவர்களை ஒரு நாள் வரவழைத்து, செய்துகாட்டச் சொல்லிச் சான்றிதழ் கொடுக்கிறார்களாம். அதற்குத்தான் அந்த விண்ணப்பம். ‘உங்களுக்கு இயல்பாக உள்ள திறமை’ என்று கேட்டிருந்தது. என்ன எழுதுவது? எழுத நிறைய இருந்தது. ஆனால் அதற்கு நாங்கள் வீட்டில் வைத்திருக்கும் சொல்லைக் காகிதத்தில் எழுத முடியாது.

சும்மா இருக்கிறோமே என்று கணினியில் அகராதியைப் பார்த்தேன். திறமை என்பது ‘திற’ என்பதிலிருந்து வந்தது, உள்ளே கிடப்பதைத் திறந்து காட்டுவது என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சுப் போட்டியில் அதைச் சொல்லிக் கைதட்டுகூட வாங்கியிருக்கிறேன். நான் பார்த்த அகராதி அப்படிச் சொல்லவில்லை. ‘திறம்’ என்பதற்கு வகை, வழி, பக்கம், உறுதி, வலிமை என்று வரிசையாகப் போட்டிருந்தது. முதலில் எது, பின்னால் சேர்ந்தது எது என்று எனக்குப் புரியவில்லை. இப்போது எல்லார் வாயிலும் இருக்கிற ‘டேலண்ட்’டையும் தேடினேன். ஒரு காலத்தில் கிரேக்கர்கள் தராசுக்கும் எடைக்கும் சொன்ன பெயராம். யார் முதலில் சொன்னார்கள், யாரைப் பார்த்துச் சொன்னார்கள், யாருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டுச் சொல் அப்படியில்லை. அது பிறந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணைத் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. சைகை மொழி சொல்லித்தரும் பள்ளிக்கு அவளை அனுப்ப எங்களுக்கு வழி தெரியவில்லை. உள்ளூர்ப் பள்ளியில் ஐந்து வருஷம் உட்கார்ந்து, கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுத்தை வரையக் கற்றுக்கொண்டாள். மற்றபடி அப்பா, அம்மா, நான், அவள், நாலு பேரும் கைகளால் உண்டாக்கிக்கொண்டதுதான் அவள் மொழி. சோறு, தண்ணீருக்கு யார் வீட்டிலும் சைகை இருக்கும். எங்கள் வீட்டில் பொறாமைக்கும் இருந்தது, போன வருஷத்துக்கும் இருந்தது.

அவளுக்கு ஏழு வயது இருக்கும், எனக்குப் பதினொன்று. எங்கள் கரும்புக் கொல்லைக் கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் கொட்டகை உண்டு. பள்ளி விட்டதும் அவள் அங்கே போய்விடுவாள். ஓடுகிற மோட்டாரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வேறு குழந்தைகள் பாட்டுக் கேட்பது மாதிரி உட்கார்ந்திருப்பாள். அம்மா எத்தனையோ முறை அடித்தும் பார்த்துவிட்டாள். “கரண்டு வச்சிக்கினு வெளையாடறா பாரு, ஒரு நாள் இல்ல ஒரு நாள் என் வயித்துல நெருப்ப கொட்டப் போறா” என்று புலம்புவாள். அப்பா ஒரு வழி செய்தார். முதலில் புறங்கையால் தொட வேண்டும், சுரீர் என்று இல்லாவிட்டால்தான் உள்ளங்கையை வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அதை அவள் இன்றுவரை விடவில்லை.

ஒரு நாள் அவள் கொல்லையிலிருந்து ஓடி வந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். கையைக் கவிழ்த்து நீட்டி, சீராக நடுங்குவது போல் காட்டினாள். பிறகு அதே கையை இடையிடையே இடறுவது போல் நடுங்கவிட்டாள். அப்பா போய் மோட்டார் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். “நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது” என்று திரும்பி வந்துவிட்டார். அவள் விடாமல் மூன்று நாள் அவர் பின்னாலேயே சுற்றினாள். நான்காம் நாள் மோட்டார் இறுகி நின்றுவிட்டது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் வந்து பிரித்தார். பேரிங் தேய்ந்து, உள்ளே குண்டுகள் பொடிந்திருந்தன. “கொஞ்ச நாளாவே ஆட்டம் குடுத்திருக்குமே, கவனிக்கலையா?” என்று கேட்டார். கொட்டகை வாசலில் பங்காளிகள், கரும்பு வெட்ட வந்த ஆட்கள் என்று பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவளை ‘ஊமச்சி’ என்று கூப்பிடுகிறவர்களும் அதில் உண்டு. அப்பா குனிந்து, பிரித்துப் போட்டிருந்த மோட்டாரின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். பிறகு நிமிர்ந்து, எல்லாரும் பார்க்க, என் தங்கையைச் சுட்டிக்காட்டினார்.

அவ்வளவுதான். அதுதான் அந்தச் சொல்.

மறுநாள் சாப்பிடும்போது அப்பா அதை மறுபடியும் சொன்னார். அங்கே மோட்டார் இல்லையே, அதனால் இடது கையைக் கவிழ்த்து அதன்மேல் வலது உள்ளங்கையை வைத்தார். அதற்குப் பிறகு அது அப்படியே நிலைத்தது. முதலில் ‘மோட்டாரை அறிந்தவள்’ என்றுதான் பொருள். ஒரு மாதத்தில், பட்டிக் கதவின் கொண்டியைத் தானே நீக்கிக்கொண்டு வெளியே வரும் எங்கள் வெள்ளாட்டுக்கும் தங்கை அதைச் சொன்னாள். அளக்காமல் உப்புப் போடும் அம்மாவுக்கும் சொன்னாள். யாரும் சொல்லித்தராமலே ஒன்று ஒருவருக்கு வருகிறது என்றால், அதற்கு அந்தச் சொல்.

எனக்கு மட்டும் அவள் அதைச் சொன்னதே இல்லை. நான் தட்டச்சில் முதுநிலை தேறி, கீபோர்டைப் பார்க்காமல் பத்து விரலாலும் அடிப்பதை அவள் எதிரிலேயே அடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்து உதறுவது போல் காட்டினாள். ‘பாடுபட்டது’ என்று அதற்குப் பொருள். பாராட்டுத்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

நான் கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து அவளும் வந்தாள். “உன் தங்கச்சிய கடைக்கு அனுப்பு, காயிலுக்கு நூல் கட்டட்டும்” என்றார் என் வீட்டுக்காரர். நூல் கட்டத்தான் உட்கார்ந்தாள். ஆறே மாதத்தில் கடைக்கு வரும் மோட்டாரை ஓடவிட்டு முதலில் அவள் கையை வைத்த பிறகுதான் பிரிப்பது என்று ஆயிற்று. வாடிக்கையாளர்களே, “அந்தப் பொண்ணு கைய வச்சுதா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடையில் வேலை செய்கிறவர்களும் கையைக் கை மேல் வைக்கப் பழகினார்கள். யாராவது சிக்கலான வேலையைச் சட்டென்று முடித்தால், பேச்சு வருகிறவர்கள்கூட வாயைத் திறக்காமல் அதைக் காட்டினார்கள்.

அந்தச் சோதனை நாளுக்கு வருவோம்.

ஒரு பெரிய கூடத்தில் மேசை போட்டு மூன்று மோட்டார்களை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். சோதிக்க வந்தவர் சேலத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், நிறையப் பேசுகிறவர். காலையிலிருந்து ஒரு ஜன்னலைத் திறக்க மல்லுக்கட்டிக்கொண்டே எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார். கொக்கி மேலே மாட்டியிருந்ததை அவர் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் போய் எடுத்துவிட்டார். தங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்காகப் பேச என்னை உள்ளே விட்டார்கள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் கடைசியில் நான் ‘கையால் அறிதல்’ என்று எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்து நெற்றியைச் சுருக்கினார்.

“இயற்கையா அவங்களுக்கு இருக்கற திறமை என்னன்னு நீங்களே கேளுங்க.”

நான் தங்கையைப் பார்த்து, இடது கையைக் கவிழ்த்து அதன்மேல் வலது கையை வைத்து, அவளைச் சுட்டிப் புருவத்தை உயர்த்தினேன். அவள் தலையாட்டிவிட்டு நேராகப் போய் முதல் மோட்டாரைப் புறங்கையால் தொட்டு, பிறகு உள்ளங்கையை வைத்தாள்.

“நில்லுங்க, நில்லுங்க” என்றார் அவர். “நீங்க பதில சொல்லிக் குடுத்துட்டீங்களே.”

“இல்லைங்க சார், நான் கேள்வியத்தான் கேட்டேன்.”

“மோட்டார் மேல கைய வைன்னு காட்டினீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“அது மோட்டார் இல்லைங்க சார். திறமைன்ற வார்த்தை.”

“திறமைக்கு எதுக்குங்க கைய கை மேல வைக்கணும்?”

பின்னால் வரிசையில் இருபது பேர். அந்தக் கூடத்தில் நின்று, எங்கள் கிணற்று மேட்டையும் உடைந்த பேரிங்கையும் அப்பா குனிந்து கை வைத்ததையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா மோட்டார்லேருந்து வந்துச்சு, இப்பவும் மோட்டாருக்கே சொல்றீங்கன்னா அது வார்த்தையா? சைகை காட்டி உதவி பண்றதுன்னுதானே நான் எடுத்துக்கணும்?”

கேள்வி நியாயமானதுதான். இதற்குள் தங்கை என் தோளைத் தட்டி என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் சிவந்தது. அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மோவாயால் அவரைச் சுட்டினாள். கையின்மேல் கையை வைத்தாள். பிறகு அந்தக் கையை, ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவது போல் தட்டிவிட்டாள்.

நான் சட்டென்று தரையைப் பார்த்தேன்.

“இப்ப என்ன சொன்னாங்க?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்லைங்க சார்.”

“என்னைக் காட்டித்தான் சொன்னாங்க. சொல்லுங்கம்மா.”

“தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களுக்கு அது இல்லைன்னு சொல்றா.”

“எது?”

“அதாங்க சார். திறமை.”

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “எத வச்சு சொல்றாங்க? கேளுங்க.”

கேட்டேன். தங்கை விரல்களைக் குவித்துப் படபடவென்று திறந்து மூடிக் காட்டினாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள், மேலே இருந்த கொக்கியைக் காட்டினாள், தன் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

“வாய் ஜாஸ்தி, கண்ணு கம்மின்றா சார்.”

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். கூடமே சிரித்தது. “சரிதாங்க, என் சம்சாரமும் இதையேதான் சொல்லுது” என்றார். “மோட்டாரே இல்லாம என்னைத் திட்டறதுக்கும் ஆகுதுன்னா, அது வார்த்தைதான். ஒத்துக்கறேன். ஆனாலும் நீங்க கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்க. அவங்க கையும் மோட்டாரும் பேசிக்கட்டும்.”

நான் வெளியே போய் அந்த ஜன்னல் வழியாகவே பார்த்தேன். அவர் ஒரு நோட்டையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தார். முதல் மோட்டாரில் கை வைத்துவிட்டு ‘பின் பேரிங்’ என்று எழுதினாள். புள்ளிகளைப் பாதி விட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இரண்டாவதில் வெகு நேரம் கையை வைத்திருந்தாள். கையை மாற்றி வைத்தாள். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவர் நோட்டைக் காட்டி எழுதச் சொன்னார். அவள் தலையை ஆட்டி, கட்டைவிரலை உயர்த்தினாள். அதில் ஒரு பழுதும் இல்லை. மூன்றாவதில் கை வைத்ததும் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். ஸ்பேனரை எடுத்து, மோட்டாரை மேசையோடு பிணைத்திருந்த போல்ட்டை இறுக்கினாள். மறுபடி கையை வைத்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவர் என்னை உள்ளே கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது.

“காலையிலேருந்து பதினாறு பேர் பாத்துட்டாங்க. ரெண்டாவதுல ஒண்ணும் இல்லைன்னு யாருமே சொல்லலீங்க. எதையாவது ஒண்ணச் சொல்லித்தான் ஆகணும்னு நெனச்சிட்டாங்க. புறங்கைய முதல்ல வைக்கறாங்களே, அது யாரு பழக்கினது?”

“எங்க அப்பாங்க.”

“இதெல்லாம் பொறக்கும்போதே வந்ததா, கத்துக்கிட்டதான்னு கேளுங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.”

கேட்டேன். தங்கை அந்தச் சொல்லைச் சொன்னாள், ஆனால் ஒரே ஒரு விரல் நுனியை மட்டும் கையின்மேல் வைத்து. இத்தனூண்டு என்று பொருள். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்து உதறினாள், மறுபடியும் உதறினாள், சிரித்துக்கொண்டே ஏழெட்டு முறை உதறினாள். நான் அதை அப்படியே சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவள் அவர் முன்னால் கையை ஆட்டித் தன் பக்கம் திருப்பினாள். அவர் வாயைக் காட்டினாள், என் கையைக் காட்டினாள், தன் கண்ணைக் காட்டினாள். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று விரலை வேகமாக ஓட்டி, நான் பேச்சை மாற்றித் தருவதைக் காட்டினாள். பிறகு என்னைச் சுட்டிவிட்டு, இடது கையின்மேல் வலது உள்ளங்கையை முழுசாக வைத்து அழுத்தினாள்.

“இது என்ன சொல்றாங்க?”

“ஒண்ணுமில்லைங்க சார்” என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. சொல்லின் பொருள்தான் அவருக்கு ஏற்கனவே தெரியுமே.

சான்றிதழ் வந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். அவள் அதைக் கழற்றி, நகல் எடுத்து மாட்டிவிட்டு அசலைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மலையிலிருந்து வேலை வர ஆரம்பித்தது. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் குடிநீர் மோட்டார் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. புது ஊர் என்றால் நானும் கூடப் போவேன். கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். அவள் கை வைத்துப் பார்த்தாள், பிரித்தாள், சாயங்காலத்துக்குள் தொட்டியில் தண்ணீர் ஏறியது. சுற்றி நின்று பார்த்த பெண்களிடம் அந்தச் சொல்லை நான்தான் சொல்லிக்காட்டினேன். பெருமையாகவே சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு முறை அவள் தனியாகவே போய் வந்தாள். அடுத்த வருஷம் பழைய பம்பை மாற்ற வேண்டியிருந்தபோது நானும் மறுபடி போனேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போது, புதிதாக அந்த ஊருக்கு வாழ வந்த ஒரு பெண் எங்களுக்கு மோர் கொண்டுவந்தாள். தூரத்தில் சாமைக் கதிரை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தாள்.

“அந்தக்கா சொன்னா சொன்னதுதாங்க. காலைல வானத்த ஒரு பார்வ பாத்துட்டு, இன்னிக்கு மழ வராது, காய வைங்கன்னுடும். அந்தக்காவுக்கு இது ஜாஸ்தி.” சொல்லிக்கொண்டே இடது கையின்மேல் வலது உள்ளங்கையை வைத்தாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன். “இது எங்கேர்ந்து வந்த பழக்கம்மா?” என்று கேட்டேன்.

“இதுங்களா? இது எங்க மல வழக்கங்க. வெதைக்கறதுக்கு முன்னாடி நெலத்து மேல இப்பிடி கைய வச்சு ஈரம் பாப்போமில்ல, அதுலேர்ந்து வந்தது. எங்கூர்ல எல்லாரும் சொல்றதுதாங்க.”

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தங்கை, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். வரி விடாமல் சொன்னேன். இது நம்முடையது என்று சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டேன். அவள் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்க் காட்டு ஓரத்தில் குந்தி, உழுதிருந்த மண்ணின்மேல் உள்ளங்கையை வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்து, இதுவும் சரிதான் என்று தலையாட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

நான் சொல்லவில்லை. மோரைக் குடித்தேன், நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

பஸ் மலை இறங்கிச் செல்போனுக்கு சிக்னல் வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

“நம்ப வூட்டுதுன்னு சொன்னியா?” என்றார்.

“சொல்லலப்பா. அவ வேணான்னுட்டா.”

சிரித்தார். “நெலத்து மேல கைய வச்சதுன்னாங்களா? போவட்டும், அதுவும் நல்லாத்தான் இருக்குது. ஊரு ஊரா போவுது பாரு.”

பம்பு எத்தனை அடியில் இறக்கியிருக்கிறது, தண்ணீர் எப்படி வருகிறது என்று அதற்குப் பிறகு பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொன்றையும் தங்கையிடம் கேட்டுக் கேட்டு அவருக்குச் சொன்னேன்.